"எனக்குக் கணக்கு வராது" என்கிற மனசோடு குரூப் 4 கணக்கைப் படிப்பது எப்படி?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, மீதி 25 திறனறிவு. அந்த இருபத்தைந்தைத்தான் எல்லோரும் சுருக்கமாகக் "கணக்கு" என்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண். ஒரே ஒரு கேள்வியில் ரேங்க் எங்கேயோ போய்விடுகிற தேர்வில் இது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் புதிதாகப் படிக்க வருகிறவர்களில் நிறையப் பேர் முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "கணக்கை விட்டுடலாம், தமிழையும் ஜிகேவையும் வெச்சுப் பாத்துக்கலாம்."

பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். சுருக்குதல், விழுக்காடு, விகிதம், மீச்சிறு பொது மடங்கு (எல்.சி.எம்.), தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கனஅளவு, நேரமும் வேலையும், எண் தொடர், பகடை, புதிர். எல்லாமே பத்தாம் வகுப்புத் தரம். மளிகைக் கடை பாக்கியையும் சீட்டுப் பணத் தள்ளுபடியையும் மனக்கணக்காகவே போடுகிற பெண்கள், அதே விழுக்காடு வினாத்தாளில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மூளையில் கோளாறு என்றால் கடையிலும் தடுமாறியிருக்க வேண்டுமே. தாளைப் பார்த்ததும் உள்ளே ஒரு பேச்சு ஓடுகிறது. கை நிற்பது அந்தப் பேச்சால்தான். அதை எப்படி வேலைக்கு உதவுகிற பேச்சாகத் திருப்புவது என்பதுதான் இந்தக் கட்டுரை. படிப்பை விட்டுச் சில வருஷம் ஆகி, மறுபடி புத்தகத்தைத் தொடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: பேச்சை எழுதிப் பிடியுங்கள்

ரஃப் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கணக்கு. வலப்பக்கம், கணக்குப் போடும்போது உள்ளே என்ன ஓடியதோ அது. நீங்கள் பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. "ஐயோ இவ்வளவு பெருசா இருக்கே." "இது எனக்கு எப்பவுமே வராது." "அவ ஆறே மாசத்துல பாஸ் பண்ணிட்டா, நான் இன்னும் இங்கயே நிக்கிறேன்." "எப்படியும் கட் ஆஃப் தாண்டப் போறதில்ல."

சில நாள் இப்படியே போகட்டும். எழுதியதோடு சண்டை போட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். கொஞ்ச நாளில் ஒன்று கண்ணில் படும்: இந்தப் பேச்சு தப்பான விடை வந்த பிறகு கிளம்புவதைவிடக் கேள்வியைப் படித்து முடிப்பதற்கு முன்பே கிளம்புவதுதான் அதிகம். மூன்று வரிக்கு நீண்ட கேள்வி என்றால் இரண்டாவது வரியிலேயே தீர்ப்பு வந்துவிடும். கணக்கு உங்களைத் தோற்கடிக்கவில்லை, நீங்கள்தான் இன்னும் மைதானத்துக்கே வரவில்லை என்று அந்த நோட்டு காட்டிக் கொடுக்கும்.

சில வரிகளில் யாரோ ஒருவரின் குரல் கேட்கும். ஏழாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்கவைத்துச் சிரித்த வாத்தியார், "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்ற மாமா. அவர்களை இப்போது தேடிப் போய்க் கேள்வி கேட்க முடியாது. பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

இரண்டாவது படி: கண்ணாடி முன்னால் கத்துவதை நிறுத்துங்கள்

"நான் ஜெயிக்கப் பிறந்தவன்", "என்னால் முடியாதது எதுவுமில்லை" என்று காலையில் பத்து தடவை சொல்லச் சொல்கிற வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஏற்கெனவே தன்னம்பிக்கையோடு இருப்பவருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. நம்பிக்கை குறைந்தவருக்குத்தான் சிக்கல். கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரிய ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணம் எளிதாகப் புரியக்கூடியதுதான். "நான் கணக்குல புலி" என்று வாய் சொல்லும்போதே, போன வாரம் மாதிரித் தேர்வில் 25-க்கு 6 வாங்கியதை மனசு எடுத்து நீட்டும். பொய் சொல்கிறவரிடம் வாதாடுவது போல மனசு உங்களிடமே வாதாட ஆரம்பித்துவிடும்.

ஆகவே திட்டுக்குப் பதில் புகழ்ச்சி வேண்டாம். திட்டுக்குப் பதில் வேலை சொல்லுங்கள். "எனக்கு வராது" என்று ஓடினால் "கேள்வியில என்ன கொடுத்திருக்காங்க, அத மட்டும் எழுது." "இவ்வளவு பெருசா இருக்கே" என்றால் "கடைசி வரியை முதல்ல படி, என்ன கேக்குறாங்கன்னு பாரு." "அவ பாஸ் பண்ணிட்டா" என்றால்... இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஒன்றுதான்: அவள் எந்தப் புத்தகத்தில் படித்தாள், நாளைக்கு எத்தனை கணக்குப் போட்டாள் என்று போன் செய்து கேட்டுவிடுங்கள். பொறாமை பாதி குறையும், பயனுள்ள தகவலும் கிடைக்கும்.

கார் ஓட்டப் பழகும்போது இதைச் செய்திருப்பீர்கள். "கிளட்ச்ச முழுசா மிதி, கியரப் போடு, மெதுவா விடு" என்று பயிற்சியாளர் சொன்னதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லோரும் முதல் வாரம் ஓட்டுகிறார்கள். "நான் மாபெரும் ஓட்டுநர்" என்று அங்கே யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

மூன்றாவது படி: வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. வேறு எதைத் தாண்டினாலும் இதைத் தாண்ட வேண்டாம்.

சின்னக் குழந்தைகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930-களிலேயே அதை ஆராய்ந்து, அந்தச் சத்தப் பேச்சுதான் வளர வளர உள்ளுக்குள் போய் சிந்தனையைச் செலுத்தும் பேச்சாகிறது என்றார். 1971-இல் மைக்கன்பாம், குட்மேன் என்ற இருவர் இதை ஒரு பயிற்சியாகவே ஆக்கினார்கள். அவசரப்பட்டுத் தப்புச் செய்கிற குழந்தைகளுக்கு முதலில் பெரியவர் ஒருவர் சத்தமாகப் பேசிக்கொண்டே ஒரு வேலையைச் செய்து காட்டுவார். பிறகு அவர் சொல்லச் சொல்லக் குழந்தை செய்யும். அடுத்து குழந்தையே சத்தமாகச் சொல்லிச் செய்யும், பிறகு கிசுகிசுத்து, கடைசியில் மனசுக்குள். வளர்ந்தவர்களும் இதே வரிசையில் போகலாம்.

நேரமும் வேலையும் பகுதியில் இருந்து ஒரு கணக்கு: ஒரு கொத்தனார் ஒரு சுவரை 10 நாளில் கட்டுவார். இன்னொருவர் அதே சுவரை 15 நாளில் கட்டுவார். இருவரும் சேர்ந்து கட்டினால் எத்தனை நாள் ஆகும்?

வாய்விட்டுச் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இப்படி:

"என்ன கேக்குறாங்க? ரெண்டு பேரும் சேந்தா எத்தனை நாள்னு. சரி. பதில் சுமாரா எவ்வளவு வரும்? ஒருத்தரே 10 நாள்ல முடிச்சிடுவாரு. கூட ஒரு ஆள் வந்தா 10-க்குக் கீழதான் வரணும். அப்போ 25-ன்னும் 12.5-ன்னும் ஆப்ஷன் இருந்தா இப்பவே அடிச்சிடு. அடுத்து? 10-க்கும் 15-க்கும் எல்.சி.எம். 30. சுவர்ல 30 வரிசை செங்கல்னு வெச்சுக்க. முதல் ஆள் நாளைக்கு 3 வரிசை. ரெண்டாவது ஆள் 2 வரிசை. சேந்தா 5. முப்பதை அஞ்சால வகுத்தா 6. பத்துக்குக் கீழ இருக்கா? இருக்கு. 6 நாள்."

இதில் தன்னம்பிக்கை பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன கேட்கிறார்கள், விடை எந்த ஊர்ப்பக்கம் இருக்கும், அடுத்து என்ன செய்யணும், வந்தது சரியா. இந்த நான்கு கேள்விகள் வாயில் ஏறிவிட்டால் "வராது" என்று சொல்ல இடமே கிடைக்காது. வாய் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பேசும்.

இரண்டாவது கேள்வியை, அதாவது சுமாராக எவ்வளவு வரும் என்பதை, பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சி மையங்களில் "ஷார்ட்கட்" சொல்லிக் கொடுக்கும் வேகத்தில் அதற்கு நேரமும் கிடைப்பதில்லை. ஆனால் புதியவருக்கு அதுதான் பெரிய துணை. ஷார்ட்கட் மறந்து போகலாம்; இரண்டு ஆள் சேர்ந்தால் நாள் குறையும் என்பது மறக்காது. 25 என்று குறிக்கப் போன கை அங்கேயே நிற்கும்.

வீட்டில் சத்தமாகப் பேசினால் "யாருகிட்ட பேசுற?" என்று கேட்பார்கள். மொட்டை மாடி, சமையலறை, எது கிடைக்கிறதோ அங்கே போடுங்கள். நூலகத்தில் உதடு மட்டும் அசையட்டும். ஒரு வகைக் கணக்கு பிடிபடும்வரை சத்தம், பிறகு முணுமுணுப்பு, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பாவது மௌனத்துக்கு வந்துவிட வேண்டும். புது வகைக் கணக்கு வந்தால் மறுபடி சத்தத்துக்குத் திரும்பலாம்.

நான்காவது படி: தப்பு நோட்டு

தப்பான விடை வந்ததும் மனசு மொத்தமாகப் பேசும்: "நான் ஒரு மக்கு." இதை உடைக்கத் தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதவேண்டும்: கேள்வியைத் தப்பாகப் படித்தேன், வழி தெரியவில்லை, வழி தெரிந்தும் கூட்டல் கழித்தலில் விட்டேன்.

உதாரணமாக, ஒரு பொருளின் விலை 20% ஏறி, பிறகு 20% குறைந்தால் இப்போது விலை என்ன ஆனது? "மாற்றமில்லை" என்று குறித்தவர்கள் நிறைய. 100 ரூபாய் என்று வைத்தால் 120 ஆகிறது, 120-இல் 20% என்பது 24, மீதி 96. அதாவது 4% குறைவு. இங்கே எழுத வேண்டியது "மக்கு" அல்ல, "ரெண்டாவது 20% எதுல இருந்துன்னு பாக்கல." அடுத்த முறை விழுக்காடு என்றதும் "எதுல இருந்து?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். திட்டாக வந்த பேச்சு நினைவூட்டலாக மாறுவது இப்படித்தான், வேறு மந்திரம் இல்லை.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். "வழி தெரியவில்லை" என்பதைவிட மற்ற இரண்டும் அதிகமாக இருந்தால், உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது, அவசரம்தான் கெடுக்கிறது. வழி தெரியாததே அதிகம் என்றால், தன்னம்பிக்கைப் பேச்சு எதுவும் உதவாது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த அத்தியாயத்துக்குப் போய் எடுத்துக்காட்டுக் கணக்குகளை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. புதிர்களைச் சரியாகப் போட்ட குழந்தைகளில் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றும், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றும் சொன்னார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். அதற்கப்புறம் பழைய அளவிலான புதிர்களையே கொடுத்தபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முன்பைவிட மோசமாகப் போட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட நன்றாகப் போட்டார்கள். ஆகவே மாதிரித் தேர்வு முடித்து வருகிறவரிடம் "நீ அறிவாளிடா, கண்டிப்பா கெடச்சிடும்" என்பதைவிட "அந்த வட்டிக் கணக்கை எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்பது நல்லது. பதில் சொல்லும் சாக்கில் அவர் இன்னொரு முறை படித்துவிடுவார்.

ஐந்தாவது படி: ஜெயிக்கிற வரிசையில் படியுங்கள்

ஒருவருக்குத் "என்னால் இது முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் ஆல்பர்ட் பந்துரா நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. இதில் வலுவானது முதலாவது. இரவு பதினொரு மணிக்குப் பார்க்கும் உத்வேக வீடியோ மூன்றாவது ரகம். அதோடு தூக்கத்தைக் கெடுத்து நான்காவதையும் கெடுக்கிறது.

எனவே பாடத்திட்டத்தில் உள்ள வரிசையில் போகாமல், உங்களுக்கு எளிதில் வருகிற வரிசையில் போங்கள். எண் தொடரும் சுருக்குதலும் முதலில். பிறகு விழுக்காடு, விகிதம், தனிவட்டி. கூட்டுவட்டி, கனஅளவு எல்லாம் அப்புறம். ஒவ்வொரு தலைப்பு முடிந்ததும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் உள்ள பழைய வினாத்தாள்களிலிருந்து அந்தத் தலைப்புக் கேள்விகளை மட்டும் பொறுக்கிப் போடுங்கள். உண்மையான தேர்வில் கேட்ட கேள்வியைத் தன் கையால் போட்டு முடித்தவருக்கு "உன்னால முடியும்" என்று யாரும் வந்து சொல்லத் தேவைப்படாது.

இந்த முறைக்கு எது முடியாது

மனநிலையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். 2019-இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வில், சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு, "அறிவு வளரக்கூடியது" என்று கற்பிக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடத்தைச் சோதித்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி (அங்கே மதிப்பெண்ணைச் சுமார் 4-க்குக் கணக்கிடுவது) 0.1 என்ற அளவில் உயர்ந்தது. செலவைப் பார்த்தால் நல்ல பலன்தான். ஆனால் அளவு அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஜவுளிக் கடையில் நின்றுவிட்டு வருகிறவருக்கு நேரமில்லை என்பது மனநிலைக் கோளாறு ஆகாது. அவருக்கு வேண்டியது அரை மணி நேரத்துக்குள் அடங்குகிற திட்டம், அறிவுரை இல்லை.

உள்ளே ஓடும் பேச்சு கணக்கைத் தாண்டி, "நான் இருந்தே என்ன பயன்" என்கிற பக்கம் போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் போனால், நோட்டையும் பேனாவையும் வைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். போன் செய்து பேசுங்கள்: தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதற்கும் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரண்டும் இலவசம்.

தேர்வு நெருங்கும்போது

படபடப்பு வந்தால் "அமைதியா இரு, அமைதியா இரு" என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் எடுபடாது, படபடப்பையே கவனித்துக்கொண்டிருப்போம். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குப் போடுவது ஆகிய மூன்றிலும், அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட அந்தத் துடிப்பை உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். "நெஞ்சு அடிக்குது, உடம்பு ரெடியாகுது" என்று சொல்லிப் பாருங்கள். அதே ஆண்டில் ஈதன் கிராஸ் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: மேடைப் பேச்சுக்கு முன் "நான்" என்று யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லித் தன்னிடமே பேசிக்கொண்டவர்கள் குறைவாகப் பதறினார்கள், பேச்சும் மேலாக இருந்தது. உங்கள் பெயர் செல்வி என்றால், "செல்வி, இது ஒரு கேள்விதான், அடுத்ததுக்குப் போ." பக்கத்து வீட்டு அக்கா சொல்வது மாதிரி இருக்கும். மற்றவர் பதறும்போது நிதானமாக யோசனை சொல்ல நம் எல்லோருக்கும் தெரியும்தானே.

நேரத்துக்கு வருவோம். 180 நிமிடத்துக்கு 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. தமிழ்ப் பகுதியை வேகமாக முடிப்பவர்களுக்குத்தான் கணக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். திணறும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே "இப்படி ஆனா இதைச் செய்வேன்" என்ற வடிவில் முடிவு செய்து, மாதிரித் தேர்வுகளிலேயே பழகிவிடுங்கள். "ரெண்டு நிமிஷம் தாண்டியும் வழி தெரியலன்னா, வினாத்தாள்ல வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவேன்." "ரெண்டு கணக்கு தொடர்ந்து வரலன்னா, தெரிஞ்ச ஒரு பொது அறிவுக் கேள்வியைப் போட்டுட்டுத் திரும்பி வருவேன்." தேர்வு அறையில் புதிதாக முடிவெடுக்க மனசுக்குத் தெம்பு இருக்காது, எடுத்த முடிவை நிறைவேற்றத்தான் முடியும்.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அதனால் வட்டம் போட்டு வைத்த கணக்குகளுக்குக் கடைசியில் திரும்பி வந்து, சுமார் மதிப்பை வைத்துச் சாத்தியமில்லாத விடைகளை அடித்துவிட்டு மீதியில் ஒன்றைக் குறியுங்கள். விடையை வட்டம் நிரப்பிக் குறிக்கிற ஓஎம்ஆர் தாளில் "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. அதை எப்போது நிரப்ப வேண்டும், எதையும் நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அறிவிக்கையில் முன்பே படித்துக்கொண்டு போங்கள். அறைக்குள் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்குப் பதற்றம் இரட்டிப்பாகும்.

வெளியே வந்ததும் வாசலில் நின்று விடை ஒப்பிடும் கூட்டத்தில் சேராதீர்கள். சில நாளில் தேர்வாணையமே உத்தேச விடைக்குறிப்பை வெளியிடும். அப்போது தப்பு நோட்டை எடுத்து, தவறிய ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே அந்த மூன்றில் எது என்று எழுதிவையுங்கள். இந்தத் தேர்வில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், குரூப் 2 முதல்நிலைத் தேர்விலும் இதே திறனறிவுப் பகுதி இருக்கிறது.